காவல் கழுதைக்குக் கல்யாணம்

கழுதை என்பது எங்கள் வீட்டில் அம்மா என்னைத் திட்டும் சொல்லாகத்தான் முதலில் இருந்தது. எனக்கு ஒன்பது வயதான கோடையில் நிஜமாகவே ஒரு கழுதை வந்து சேர்ந்தது. அதன் பிறகு அம்மா என்னை அப்படித் திட்டும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அந்தக் கழுதை செய்ததைப் பார்த்த யாருக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

ஆஸ்டினுக்கு மேற்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் சுண்ணாம்புக் கல் மேடுகள் தொடங்கும். அப்படி ஒரு மேட்டை அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். இருவரும் தாராபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைப்பவர்கள். முதல் தடவை அந்தக் கல்லையும் முள்ளையும் பார்த்தபோது சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “நம்மூராட்டவே இருக்குதுங்ண்ணா. ஒண்ணுமே வெளையாது,” என்றார். ஒன்றும் விளையாத நிலத்தில் ஆடுதான் வளர்க்க முடியும். அப்படிப் பதினாறு ஆடுகள் வந்தன.

ஆடுகள் வந்த விஷயம் எங்களுக்கு முன்பே கொயோட்டிகளுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. நாய்க்கும் ஓநாய்க்கும் நடுவில் ஒரு பிராணி அது. சித்தப்பா அதை நரி என்றே சொல்வார். “நரி மொகத்துல முழிச்சா நல்லதுன்னு சொல்லுவாங்க,” என்று முதல் வாரம் குஷியாக இருந்தார். அடுத்த வாரம் ஓர் ஆடு போயிற்று. அதற்கடுத்த வாரம் இரண்டு. “நரி வலம் போனா என்ன, இடம் போனா என்ன, மேல விழுந்து பிடுங்காம இருந்தா சரின்னு எங்க வீட்ல சொல்லுவாங்க. இங்க பிடுங்கிட்டே இல்ல போகுது,” என்றார் அம்மா.

பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. மின்வேலி போட்டார்கள். கருவாலி மரத்தடியில் ரேடியோ வைத்து, தமிழ்ப் பட்டிமன்றம் ஒன்றைப் பதிவு செய்து ஓயாமல் ஓடவிட்டார்கள். அப்பாவின் கம்பெனி டி-ஷர்ட்டைக் கம்பில் மாட்டி ஒரு ஆளையும் நிறுத்தினார்கள். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், அந்த ஆளின் காலடி நிழலில் ஒரு கொயோட்டி சுகமாகப் படுத்து எழுந்த பள்ளம் இருந்தது. பட்டிமன்றம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது ஆடும் அன்றைக்குத்தான் போனது.

பக்கத்து நிலத்தில் செம்மறி வளர்க்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருந்தார். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். அவருடைய வேலியில் இரண்டு கொயோட்டிகள் தலைகீழாகத் தொங்குவதை ஒருநாள் காரிலிருந்தே பார்த்தேன். பொறியில் பிடித்துச் சுட்டு, மற்றவற்றுக்கு எச்சரிக்கையாகத் தொங்கவிட்டிருந்தார். காற்றில் அவற்றின் வால் மயிர் மட்டும் அசைந்தது. நாங்களும் பொறி வைக்கலாம் என்று அப்பா ஆரம்பித்தபோது அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். “ஆட்டையும் சாகக் கொடுத்து நரியையும் சாகடிக்கறதுக்கா இங்க வந்தோம்? இன்னும் ஒரு ஆடு போச்சுன்னா மொத்தத்தையும் வித்துடுங்க. ஒண்ணே ஒண்ணு, அவ்வளவுதான்.”

அந்த மொத்தத்தில் என் பொட்டுவும் அடக்கம். நெற்றியில் வெள்ளைப் புள்ளியோடு பிறந்து, தாய் சேர்த்துக்கொள்ளாததால் என்னிடம் புட்டியில் பால் குடித்து வளர்ந்த குட்டி அது. ஆடுகளை விற்றால் பொட்டுவையும் விற்பார்கள். அந்தக் கோடை முழுக்க எனக்கு இருந்த ஒரே கவலை இதுதான்.

கடைசியில் கழுதை யோசனையைச் சொன்னவர் அந்தப் பக்கத்து நிலத்துப் பெண்மணிதான். கழுதைக்கு நாய் ஜாதியைக் கண்டால் பிறவியிலேயே ஆகாது, ஆட்டு மந்தையில் ஒரு பெண் கழுதையை விட்டால் போதும் என்றார். அப்பா சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. அவர்கள் சிறுவயதில் டீக்கடைக்கு டீக்கடை இரண்டு கழுதைகள் போட்ட படம் மாட்டியிருக்குமாம். அதன் கீழே ‘என்னைப் பார், யோகம் வரும்’ என்று எழுதியிருக்குமாம். சாம்பல் நிறத்தில், முதுகில் கறுப்புக் கோடு ஓடிய ஒரு கழுதை வண்டியிலிருந்து இறங்கியபோது, சித்தப்பா தயாராக வைத்திருந்த பெயர் யோகம்.

பள்ளி விடுமுறை. நானும் அம்மாவும் மேட்டின் அடிவாரத்தில் இருந்த டிரெய்லர் வீட்டில் தங்கியிருந்தோம். அம்மா ஸ்கூல் டீச்சர், அதனால் அவருக்கும் விடுமுறை. அப்பா வாரநாட்களில் ஆஸ்டினுக்குப் போய்விடுவார். சித்தப்பா அந்தக் கோடைக்கு நீண்ட லீவு போட்டுவிட்டு எங்களோடு இருந்தார். அவர் எங்களோடு இருப்பது புதிதல்ல. ஆஸ்டின் வீட்டிலும் மாடி அறை அவருடையதுதான். என்னை ஸ்கூலில் விடுவது, சயின்ஸ் புராஜெக்ட் செய்து தருவது, நான் இங்கிலீஷில் சொல்லும் மட்டமான ஜோக்குகளுக்கு முதல் ஆளாகச் சிரிப்பது எல்லாம் அவர்தான். எனக்கென்றே அவரை வரவழைத்திருக்கிறார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

அவருக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. சித்தி ஈரோட்டில் இருந்தார். கிரீன் கார்டு கைக்கு வருவதற்கு முன்பே கல்யாணம் செய்திருந்தால் சித்தி உடனே வந்திருக்கலாம். கார்டு வரட்டும், கையோடு கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்டு வந்தது, கல்யாணமும் ஜாம்ஜாமென்று நடந்தது. அதன் பிறகுதான், கிரீன் கார்டுக்காரர்களின் மனைவிகள் வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும் என்று லாயர் சொன்னார். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்த சித்தி, போன் திரையில் ஒரு முகம். அந்த முகம் தெரிவதற்கு மேட்டின் உச்சியில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே போனால்தான் சிக்னல் கிடைக்கும்; கிடைத்துவிட்டால் பாதிச் சரிவு வரைக்கும் அறுபடாது. தினமும் காலை ஏழு மணிக்கு, ஈரோட்டில் சாயங்காலம், சித்தப்பா உச்சிக்கு ஏறிவிடுவார். நரி வருகிறதா என்று பார்க்கத்தான் போகிறார் என்பது என் எண்ணம்.

யோகம் வந்த முதல் மூன்று வாரம் பக்கத்துக் கொட்டடியில் நின்று ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு உள்ளே விட்டோம். ஆடுகள் அதன் வயிற்றுக்கடியில் புகுந்து புறப்பட்டன. பொட்டு அதன் காலில் தலையைத் தேய்த்தது. அது ஒன்றையும் கண்டுகொள்ளாமல் வைக்கோல் தின்றது. ‘இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்’ என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒருநாள் காலை, சூரியன் வந்தும் வராத நேரம், சித்தப்பாவும் நானும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம், போனில் சித்தி இருந்தார். கீழே சரிவில் ஆடுகள் சட்டென்று ஒன்றாகக் குவிந்தன. புதரிலிருந்து ஒரு கொயோட்டி வெளியே வந்தது. ஓடிக்கூட வரவில்லை, தன் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல் நடந்து வந்தது. யோகம் தலையைத் தூக்கியது. காதுகள் இரண்டும் முன்னால் வந்தன. அடுத்த நொடி அது பாய்ந்தது. அந்தச் சோம்பேறி உடம்புக்குள் அவ்வளவு வேகம் எங்கே இருந்ததோ தெரியவில்லை. ஆடுகளைச் சுற்றிக்கொண்டு போய், தலையைத் தாழ்த்தி, பல்லைக் காட்டிக் கத்தியது. மேடு முழுக்க எதிரொலித்த கத்தல் அது. முன்னங்கால் இரண்டையும் தூக்கி இறக்கியது. கல்லில் குளம்பு பட்ட சத்தம் எங்களுக்குக் கேட்டது. கொயோட்டி உருண்டு, எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு ஓடியது. யோகம் வேலி வரைக்கும் துரத்திப் போய் நின்று, திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து வைக்கோலைத் தின்றது.

நான் சித்தப்பாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பயத்தினால் அல்ல. அதுவரை நான் பார்த்த எதுவும் அவ்வளவு பெரியதாக இருந்ததில்லை. சித்தப்பா போனில், “கேட்டயா? கேட்டயா? நம்ம யோகந்தான்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கழுதை கத்தினால் நல்ல சகுனம் என்று மறுமுனையில் சித்தி சிரித்தது எனக்கும் கேட்டது.

ஐந்து வாரம் ஓர் ஆடும் போகவில்லை. ஆனால் மழையும் வரவில்லை. குட்டை வெடித்துப் பாளம் பாளமாகிவிட்டது. கருவாலி இலைகள் கோடையிலேயே உதிர்ந்தன. பக்கத்து நிலத்துப் பெண்மணி தன் செம்மறிகளில் பாதியை விற்றுவிட்டார். அப்போதுதான் சித்தப்பா அந்த யோசனையைச் சொன்னார். ஊரில் மழை இல்லையென்றால் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைப்பார்களாம். நம்மிடம் பெண் தயாராக இருக்கிறது, மாப்பிள்ளைதான் பாக்கி.

“எல்லாம் படிச்சவங்கதான?” என்றார் அம்மா. ஆனால் ஆஸ்டின் நண்பர்களுக்குச் செய்தி போனதும் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் அம்மாவே மஞ்சள் இடிக்க ஆரம்பித்துவிட்டார்.

மாப்பிள்ளை பக்கத்து நிலத்தில் இருந்தது. காவல் வேலைக்கு வயதாகி, வீட்டுப் பின்னால் சும்மா நின்ற ஒரு பழுப்புக் கழுதை. கேட்கப் போனது நானும் சித்தப்பாவும் மட்டும்தான். கல்யாணம் என்றதும் அந்தப் பெண்மணி முதன்முறையாகச் சிரித்தார். கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு, சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: சாயங்காலமே திருப்பி ஓட்டி வந்துவிடுங்கள். தனியாக இருக்கும் கழுதைதான் ஆட்டைக் காக்கும். வேறு துணை இல்லாததால் ஆடுகளையே குடும்பம் என்று எண்ணிக்கொள்ளும். இன்னொரு கழுதை கிடைத்துவிட்டால் அப்புறம் அதற்கு ஆடு கண்ணிலேயே படாது. சித்தப்பா தலையாட்டினார். திரும்பி நடக்கும்போது வழியெல்லாம் அந்தப் பழுப்புக் கழுதையின் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை பன்னிரண்டு கார்கள் வந்தன. பட்டுப்புடவை கட்டிய ஆன்ட்டிகளும் வேட்டியைத் தூக்கிப் பிடித்த அங்கிள்களும், கல்யாணம் உச்சியில்தான் என்று கேட்டு முனகிக்கொண்டே மேடு ஏறினார்கள். மேகத்துக்குக் கிட்டே இருந்தால் மழை சீக்கிரம் வரும் என்றார் சித்தப்பா. நானும் நம்பினேன். தொட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்தார். ஈரோட்டில் சித்தியும் பட்டுப்புடவையில் இருந்தார். மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூசி, சாமந்தி மாலை போட்டார்கள். மாப்பிள்ளை தன் மாலையில் பாதியைத் தின்றுவிட்டது. மாப்பிள்ளை சார்பாக மஞ்சள் கயிற்றைக் கட்டியவர் சித்தப்பா. அட்சதை போட்டுவிட்டு எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். போனில் சித்தி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மஞ்சள் தூள் அவ்வளவு தூரம் போகாதே என்று எனக்குச் சந்தேகம்.

சாயங்காலம் கார்கள் கிளம்பின. “மாப்பிள்ளையக் கொண்டு போய் விட்டுட்டு வாடா,” என்றார் அப்பா.

“கல்யாணத்தன்னிக்கே பிரிப்பாங்களா? நல்லால்லீங்க,” என்றார் கிளம்பிக்கொண்டிருந்த ஓர் ஆன்ட்டி.

“ஒரு வாரம் இருக்கட்டுங்ண்ணா. அந்தம்மாவே வெச்சுக்கச் சொல்லிட்டாங்க,” என்றார் சித்தப்பா.

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். எங்கள் இருவருக்கும் நிறைய ரகசியங்கள் உண்டு. ஐஸ்கிரீம், உடைந்த கண்ணாடி, அம்மாவிடம் காட்டாத கணக்கு மார்க். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கழுதைகளும் ஆடுகளோடுதான் மேய்ந்தன. திங்கட்கிழமை கொஞ்சம் தள்ளிப் போயின. செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால், எதிர்ச் சரிவில் இடிந்து கிடந்த பழைய கல் சுவர் ஓரமாக, ஒன்றன் கழுத்தில் ஒன்று தலையை வைத்து நின்றன. “கழுதை கெட்டா குட்டிச்சுவருங்கறது சரியாத்தான் இருக்கு,” என்று ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னார் அம்மா. ஏழு மணி ஆகிவிட்டதால் சித்தப்பா உச்சிக்குப் போய்விட்டார். நான் பால் புட்டியோடு பொட்டுவைத் தேடிப் போனேன்.

இந்தத் தடவை மூன்று கொயோட்டிகள். ஒன்று மந்தைக்கு மேல் புறம் வந்து சும்மா உட்கார்ந்தது. ஆடுகள் அதையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தன. மற்ற இரண்டும் கீழ்ப்புறமிருந்து சத்தமில்லாமல் வந்தன. பேசிவைத்துக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. ஒன்று மந்தையைப் பிரித்தது, ஒன்று எடுத்தது. அவ்வளவுதான். நான் “யோகம்! யோகம்!” என்று கத்தினேன். எதிர்ச் சரிவில் ஒரு காது மட்டும் திரும்பியது. தலை திரும்பவில்லை.

பொட்டுவைக் கவ்விய கொயோட்டி என்னிடமிருந்து பத்தடியில் ஒரு கணம் நின்றது. மஞ்சள் கண். விலா எலும்புகள் தெரிந்தன. வறட்சி அதற்கும்தான் என்று அப்போது தோன்றவில்லை. அது என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. நான் அங்கே இருக்கிறேன் என்பதைத் தெரிந்துகொண்டது, அவ்வளவே. பிறகு மேட்டின் மேல் ஏறி, வானத்தில் ஒரு கோடாகத் தெரிந்து, மறைந்துவிட்டது. நான் அழவில்லை. அழ வேண்டும் என்பதே நினைவில்லாமல், அது போன இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சித்தப்பா கல்லில் சறுக்கி விழுந்து எழுந்து ஓடிவந்தார். அவர் கையில் இருந்த போனுக்குள் சித்தி, “என்னாச்சுங்க? ஹலோ? என்னாச்சுங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

மத்தியானத்துக்குள் அப்பா ஆஸ்டினிலிருந்து வந்துவிட்டார். எல்லோரும் டிரெய்லருக்குள் உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் நிபந்தனை எல்லோருக்கும் நினைவிருந்தது. நான் காலிப் புட்டியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

“ரெண்டையும் ஒண்ணா விடக் கூடாதுன்னு அந்தம்மா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே,” என்றார் அப்பா.

வாயைத் திறக்கப் போனேன். சித்தப்பா என் தலையில் கை வைத்தார்.

“சொன்னாங்கண்ணா. சாயங்காலமே கொண்டாந்து விட்ருங்கன்னுதான் சொன்னாங்க. நாந்தான் மாத்திச் சொன்னேன்.”

“ஏண்டா?”

சித்தப்பா என் கையிலிருந்த காலிப் புட்டியை வாங்கி மேசைமேல் வைத்தார். “பிரிக்கறதுக்கு மனசு வரலீங்ண்ணா.”

அப்பா இதற்குக் கத்துவார் என்று நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். அப்பா கத்தவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா எழுந்துபோய்ச் சித்தப்பாவின் தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றி, அவர் முன்னால் வைத்தார். “முதல்ல சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு அத கொண்டு போய் விட்டுடுங்க. ஆடு எதையும் விக்க வேண்டாம்,” என்றார். என் பொட்டு போய்விட்டது. பொய் சொன்னவருக்கு ரசம் சோறு. எனக்கு இதில் நியாயமே தெரியவில்லை.

மாப்பிள்ளையைத் திருப்பி ஓட்டிப் போனோம், சித்தப்பாவும் நானும். வேலி நெடுக உள்பக்கமாக யோகம் கூடவே வந்தது. வேலி முடிந்த மூலையில் நின்று கத்த ஆரம்பித்தது. கொயோட்டியைத் துரத்தியபோது கத்திய கத்தல் அல்ல இது. இழுத்து இழுத்து, மூச்சு முட்டும் வரைக்கும் கத்தியது. அதன் கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் இருந்தது. நல்ல சகுனம் என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். ஜோக்குக்காகத்தான் சொன்னேன். சித்தப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தார்.

இரண்டு நாள் யோகம் அந்த மூலையிலேயே நின்றது. தண்ணீருக்குக்கூட வரவில்லை. மூன்றாம் நாள் ஆடுகளே மேய்ந்துகொண்டு அதன் பக்கம் போயின. ஒரு குட்டி அதன் வயிற்றுக்கடியில் புகுந்து நின்றது. யோகம் குனிந்து அதை மோந்து பார்த்தது. பிறகு மந்தையோடு நடந்து வந்தது. அன்று மத்தியானம் இருபது நிமிடம் மழை பெய்தது. அதற்குப் பிறகு எங்கள் மேட்டில் ஒரு ஆடும் போகவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். எல்லாம் பழையபடி சரியாகிவிட்டது, யோகத்துக்கு நாங்கள் மட்டும் போதும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தைத்தான். மாப்பிள்ளையை விட்டுவிட்டு வந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சித்தப்பா மட்டும் வெளியே குழாயடியில், ஏற்கெனவே கழுவிய தன் தட்டை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். அம்மா தாழ்ந்த குரலில் அப்பாவிடம், “அந்த லாயருக்கு நாளைக்கே போன் பண்ணுங்க. வேற வழியே இல்லையான்னு கேளுங்க. அவர் சரிப்படலன்னா வேற லாயர் பாருங்க. எவ்வளவு நாள்தான் இப்படி?” என்றார். அப்பா தலையாட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பொட்டுவுக்காக இவ்வளவு தூரம் போவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. குழாயடிக்கு ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம் செய்தியைச் சொன்னேன்: “அப்பா லாயர் வைக்கப் போறாங்க. அந்த கொயோட்டி மேல கேஸ் போடப் போறோம்.” அதை இங்கிலீஷில்தான் சொன்னேன், அதுவும் ரொம்ப சீரியஸாக. எதற்கும் முதல் ஆளாகச் சிரிக்கும் சித்தப்பா அன்றைக்குச் சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு, ஈரக் கையோடு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அதற்கெல்லாம் நான் அப்போதே ரொம்பப் பெரியவள். ஆனாலும் அவர் இறக்கிவிடவில்லை. பொட்டு போன துக்கம் அவருக்கும் என்னளவுக்கு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.